பெயர் எழுதாத இரண்டு கேன்கள்

கீழ் நட்டைக் கழற்றியதும் அத்தான் உடனே விலகிவிட மாட்டார். கியர்பாக்ஸிலிருந்து பழைய ஆயில் முதலில் கயிறு போலத் தடிமனாக இறங்கும். அது நூலாக மெலியும்வரை காத்திருந்து, ஆள்காட்டி விரலை அதன் நடுவே ஒரு தடவை நீட்டுவார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்ப்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோவார். அப்போது அவருடைய இடது கண் தானாக மூடிக்கொள்ளும். மூச்சை இழுத்து, கொஞ்சம் வைத்திருந்து விட்டுவிட்டு, விரலைக் கால்சட்டையின் இடது தொடையில் துடைப்பார். அவருடைய எல்லாக் கால்சட்டையிலும் அந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். அக்கா எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. இதைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

விரலைத் துடைத்த பிறகுதான் பேசுவார். பேச்சு வண்டிக்கு அடியில் இருக்கிற குழிக்குள்ளிருந்து வரும்.

"கிளட்சை முழுசா மிதிக்காம கியர் போடுறது யாரு, நீங்களா வீட்டுக்காரம்மாவா?"

வண்டிக்காரர் மேலே நின்று விழிப்பார். இன்னொருவரிடம், "இந்த வண்டி வெள்ளத்துல நின்னுருக்கு. வாங்கும்போது உங்ககிட்ட சொல்லலையா?" என்பார். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் என் அக்காவின் கணவர். தெருவில் அவருக்கு மூக்கு என்று பெயர். சின்னவர்கள் மூக்கு அண்ணன் என்பார்கள். வயதில் பெரியவர்கள் வெறும் மூக்கு. பட்டறை வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்து டயர் கடைக்காரரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. மூக்கு ஷெட் என்றால் யாரும் வழிகாட்டுவார்கள். உண்மையில் அத்தானுடைய மூக்கு சின்னது. பெயரைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள்.

ஒருமுறை ஒரு வண்டி புரோக்கர் வாங்குகிற ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கியர்பாக்ஸை அத்தான் பார்த்து நல்லது என்று சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்த மாதிரி.

"பாத்தீங்களாண்ணே, கியர்பாக்ஸ் பூனை மாதிரி இருக்கு. சத்தமே கிடையாது."

அத்தான் விரலை முகர்ந்தார். "வாயில மரத்தூளை அடைச்சா எந்தப் பூனையும் கத்தாது."

"என்னண்ணே சொல்றீங்க?"

"எந்தத் தச்சன்கிட்ட அள்ளிட்டு வந்த? ஆயிலோட அரைப் படி மரத்தூள் கிடக்கு உள்ளே. பல்லு தேஞ்ச சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு போட்டுருக்க."

வாங்க வந்தவர் அங்கேயே புரோக்கரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போனார். அதற்குப் பிறகு மூக்கு என்ற பெயர் நான்கு தெரு தாண்டியும் போய்விட்டது.

நான் பட்டறையில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது ஒத்தாசைக்கு வந்தவள், அப்படியே இருந்துவிட்டேன். குழிக்குள் இறங்கும் படிகளுக்கு நேராக என் தையல் மெஷின் இருக்கிறது. வெளிச்சத்துக்காக அங்கே போட்டார்கள். குனிந்து தைக்கிற ஒருத்தியை யாரும் கவனிப்பதில்லை. நான் நிமிர்ந்தால் குழிக்குள் நிற்கிற அத்தான் தலையிலிருந்து இடுப்புவரை தெரிவார். பட்டறைக்கு மேலேயே வீடு, இரண்டு அறைகள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அக்காவுக்குப் பட்டறையின் தகரக் கூரை தெரியும்.

அத்தான் குள்ளம். இளம் வயதில் ஒரு பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தபோது, பானட்டுக்கு மேலே எட்டவில்லை என்று குழி வேலைக்கு அனுப்பினார்களாம். "நெட்டையனுங்க எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயி உக்காந்துட்டானுங்க. எனக்குக் குழிதான் சிம்மாசனம்" என்பார். அந்த டிப்போவில்தான் ஒரு சம்பவம் நடந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்தது புரியாது.

அங்கே பிரேக் ஆயில் என்று எழுதியிருந்த ஒரு டப்பாவில் யாரோ மிஞ்சிப்போன என்ஜின் ஆயிலை ஊற்றி வைத்துவிட்டார்கள். அத்தான் எழுத்தை நம்பி அதை ஒரு பஸ்ஸின் பிரேக்கில் ஊற்றினார். உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப்போய், பஸ் டிப்போ சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மூன்று மாதம் அவரை வேலைக்கு வராதே என்றார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போனவர், அதன்பின் எந்த டப்பாவையும் முகர்ந்து பார்க்காமல் தொடவில்லை. சொந்தமாகப் பட்டறை வைத்தபோது, அதில் ஒரு டப்பாவிலும் எழுத்து இருக்கக் கூடாது என்றார்.

"எழுத்து பொய் சொல்லும். நாத்தம் பொய் சொல்லாது."

அதனால் பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு கேன்கள் இருந்தன. நீண்ட குழாய் வைத்தவை. கைப்பிடியை அழுத்தினால் குழாய் வழியாக ஆயில் ஏறும். ஒன்றில் கியர் ஆயில். இன்னொன்றில் கிரவுன் ஆயில். வேன்களுக்குப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே இரும்புப் பூசணிக்காய் மாதிரி ஒன்று தொங்கும் அல்லவா, அதற்குள் ஊற்றுவது கிரவுன் ஆயில். அது கெட்டி. நாற்றமும் அதிகம், கெட்ட முட்டையையும் தீக்குச்சி மருந்தையும் சேர்த்துக் கரைத்த மாதிரி. கியர் ஆயிலும் அதே குடும்பம்தான், ஆனால் தம்பி மாதிரி, அடக்கமாக நாறும். இரண்டின் நிறமும் ஏறக்குறைய ஒன்று. அத்தான் கேனை எடுப்பார், குழாய் முனையை மூக்கருகே ஒருதரம் கொண்டுபோவார், ஊற்றுவார். மற்றவர்கள் தொடக் கூடாது. தொட்டால் வசவு.

வேலையில் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வண்டியை நாலு தெரு ஓட்டிவிட்டு வருவார், ஆயில் சூடேறினால்தான் முழுசாக இறங்கும் என்று. குழிமேல் மட்டமாக நிறுத்துவார். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் மேல் நட்டு, அடியில் கீழ் நட்டு. எப்போதும் மேல் நட்டைத்தான் முதலில் திறப்பார். மேலே இருப்பது துருப்பிடித்து இறுகிக்கிடந்து, கீழே இருப்பதை முதலில் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டால், புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி நகராமல் கிடக்கும். வேறு பட்டறைகளில் அப்படி மாட்டிக்கொண்டு இவரைக் கூப்பிட ஆள் அனுப்பியவர்கள் உண்டு. கீழ் நட்டின் முனையில் காந்தம் இருக்கும். அதில் இரும்புத் துகள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும். துடைத்து மாட்டிவிட்டு, மேல் துளை வழியாகப் புது ஆயில் ஏற்றுவார். துளையிலிருந்து திரும்பி வழியத் தொடங்கியதும் நிறுத்துவார். வழிவது சொட்டாக மாறியதும் மூடுவார். சொட்டு நிற்கும்வரை பேசவே மாட்டார்.

போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சளியும் சேர்ந்துகொண்டது. பத்து நாள் மாடியிலேயே படுத்திருந்தார். பதினொன்றாம் நாள் கீழே இறங்கி வந்து, வழக்கம்போல வேலை செய்தார். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான் முதலில் கவனித்தது அந்தக் கண்ணை. விரலை மூக்கருகே கொண்டுபோனார், ஆனால் இடது கண் மூடவில்லை. திறந்தே இருந்தது. அதுமட்டும் இல்லை, அது வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார். "எத்தனை நாளா சத்தம்?" "மேட்டுல ஏறும்போதா, சமதரையிலயா?" முன்பெல்லாம் அவர் எதுவும் கேட்க மாட்டார். சொல்வார். வந்தவர்களுக்கு இது பிடித்திருந்தது. மூக்கு அண்ணனுக்கு மரியாதை வந்துவிட்டது என்றார்கள்.

அடுத்து, கேன்கள். முன்பு குழியின் விளிம்புத் திட்டில் எங்கே இடமோ அங்கே வைப்பார். இப்போது கியர் ஆயில் எப்போதும் இடது கைப்பக்கம், கிரவுன் வலது கைப்பக்கம். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் திருத்தி வைத்தார்.

ஒருநாள் காலையில் அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் அடிப்பிடித்தது. புகை கீழே என் மெஷின்வரை வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி நாற்காலியில் அத்தான் உட்கார்ந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்ததும், "என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தான் பேசுவது என் வழக்கம். யாரும் கேட்கவும் இல்லை.

குளிர் தொடங்கிய பிறகு ஒரு வியாழக்கிழமை டீச்சரம்மா தன் காரைக் கொண்டுவந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஐம்பது வயது இருக்கும். ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம் கட்டியிருப்பார். காரில் அவர் பக்கத்துக்கும் தனியாகக் கிளட்சும் பிரேக்கும் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் கியரைப் படுத்துகிற பாட்டுக்கு, வருடம் தவறாமல் ஆயில் மாற்றிவிடுவார். அத்தான் கைபடாமல் அந்தக் கார் ஓடியதில்லை.

அன்றைக்குக் காலையில் இரண்டு வேன்களுக்குக் கிரவுன் ஆயில் மாற்றியிருந்தார். இரண்டாவது வேனில் ஊற்றி முடித்தபோது அக்கா மாடிப் படியிலிருந்து, "என்னங்க, பொண்ணு போன்ல இருக்கா, சீக்கிரம் வாங்க" என்று கூப்பிட்டாள். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். வாரத்துக்கு ஒருமுறைதான் கூப்பிடுவாள். அத்தான் கையிலிருந்த கேனை அப்படியே இடது பக்கம் வைத்துவிட்டு ஏறிப்போனார். அங்கே இருந்ததை வலது பக்கம் தள்ளிவிட்டார். திரும்பி வந்து வேனை எடுத்துவிட்டு டீச்சரம்மா காரைக் குழிமேல் ஏற்றினார். மேல் நட்டு, கீழ் நட்டு, காந்தம், எல்லாம் முறையாக. பிறகு இடது பக்கக் கேனை எடுத்தார். குழாய் முனையை மூக்கருகே கொண்டுபோனார். ஊற்றினார்.

கிரவுன் ஆயில் நாற்றம் எனக்கு வந்தது. காலையில் வேனிலிருந்து வடித்த தட்டு பக்கத்திலேயே கிடந்ததால் அதிலிருந்து வருகிறதோ என்று நினைத்தேன். முழுசாக அப்படி நினைக்கவில்லை. நினைக்க விரும்பினேன். ஓர் உறையின் ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன், அதை மடித்து முடித்தேன். அதற்குள் அவர் மேல் நட்டை மூடிவிட்டார்.

திங்கட்கிழமை டீச்சரம்மா திரும்பி வந்தார்.

"ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது மூக்கு. காலையில வண்டி எடுத்ததும் பல்லைக் கடிக்குது. கறகறன்னு. ஒரு பொண்ணு பயந்து ஸ்டியரிங்கையே விட்டுட்டா."

அத்தான் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சரியில்லை. "சின்க்ரோ போச்சு டீச்சர். உள்ளே பித்தளை வளையம் இருக்கு. ஒரு பல்லு இன்னொரு பல்லோட சேர்றதுக்கு முன்னாடி, அது பிடிச்சுப் பிடிச்சு வேகத்தை ஒண்ணாக்கும். அது தேஞ்சுட்டா இப்படித்தான். உங்க பிள்ளைங்க தேச்சுட்டாங்க."

"என் பிள்ளைங்க நாலு வருஷமா தேக்காததை இந்த மூணு நாள்லயா தேச்சுட்டாங்க?"

"கியர்பாக்ஸை இறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும். வளையம் வெளியூர்ல இருந்து வரணும். எட்டு நாள் ஆகும்."

டீச்சரம்மா என் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "சனிக்கிழமை ஆறு பேருக்கு டெஸ்ட் இருக்கு. இந்தக் கார்ல பழகினவங்க வேற கார்ல போனா ஃபெயிலாகிடுவாங்க. இந்தத் தடவை தவறினா அடுத்த டெஸ்ட் ரெண்டு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் எனக்காகக் காத்துக்கிட்டா இருப்பாங்க? எதிர்த் தெருவுல புதுசா ஒருத்தன் ரெண்டு கார் வெச்சுத் திறந்திருக்கான். ஆறு பேரும் அங்க போயிடுவாங்க. அவங்க போனா அவங்க தங்கச்சி, பக்கத்து வீடு எல்லாம் போகும். மூக்கு, நீ நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான் யோசிச்சா மட்டும் தேஞ்சது வளருமா?" என்றார் அத்தான். ஆனால் அவர் சொன்னதில் வழக்கமான திமிர் இல்லை.

மறுநாள் காலை கியர்பாக்ஸை இறக்குவது என்று முடிவாயிற்று. இறக்குவதற்கு முன் ஆயிலை வடிக்க வேண்டும். டீச்சரம்மாவும் வந்திருந்தார். போட்டு ஐந்து நாள்கூட ஆகாத ஆயில் தட்டில் இறங்கியது. அத்தான் விரலை நீட்டினார், தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆயில் நல்லாத்தான் இருக்கு. நம்ம கியர் ஆயில்தான்."

நாற்றம் பட்டறை முழுவதும் நிறைந்திருந்தது. டீச்சரம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "என்ன மூக்கு, முட்டை செத்துப்போன மாதிரி நாறுது. போன தடவையெல்லாம் இப்படி இல்லையே?"

"கியர் ஆயில்னா ரோஜாப்பூவா மணக்கும்? சாயந்திரமா வாங்க, என்ன ஏதுன்னு சொல்றேன்."

அவர் போய்விட்டார். பிரிக்காத ஒரு கியர்பாக்ஸ் வேறு, பிரித்துச் சேர்த்த கியர்பாக்ஸ் வேறு என்று அத்தானே பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு பழுதும் இல்லாததைப் பிரிக்கப் போகிறார். பிரித்துப் பார்த்தால் வளையம் தேயாமல் இருக்கும், அப்போது அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் மறுபடி சேர்த்து முடிப்பதற்குள் சனிக்கிழமை தாண்டி, டீச்சரம்மாவின் ஆறு பேரும் போயிருப்பார்கள். நான் மெஷினை விட்டு எழுந்து மாடிக்குப் போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கீரையைக் கீழே வைத்தாள். "காபிப்பொடியை மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை குறை சொல்லலை மனுஷன். எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும். நான் என்னவோ திருந்திட்டார்னு சந்தோஷப்பட்டேன்."

"நீ போய்ச் சொல்லுக்கா."

"நான் சொன்னா சண்டை. நீ சொன்னா செய்தி. உனக்கு வாய் இருக்கிறது வீட்டுல பாதிப் பேருக்கு மறந்தே போச்சு. ஒருதரம் திறந்தா கேப்பாங்க, போ."

"கோவப்பட்டா?"

"பட்டா என்ன, குழிக்குள்ளதானே நிக்கிறார். ஏறி வர்றதுக்குள்ள நீ மாடிக்கு வந்துடலாம்."

நான் கீழே வந்தபோது அத்தான் குழிக்குள் சக்கரப் பக்கத்து போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தார். முகம் காருக்கு அடியில் மறைந்திருந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது.

"அத்தான்."

"என்ன, ஊசி உடைஞ்சுதா?"

"இல்ல. அன்னைக்கு இதுல ஊத்தினது கிரவுன் ஆயில்."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"யாரு சொன்னா?"

"பொண்ணு போன் பண்ணப்ப கேனை மாத்தி வெச்சுட்டீங்க. இப்ப வடிச்சதும் அதே நாத்தம்தான்."

"தையல்காரிக்கு எப்பலேர்ந்து ஆயில் தெரிஞ்சுது? குட்டைப் பாவாடை போட்ட வயசுல வந்து உக்காந்தவ, எனக்கு நாத்தம் சொல்லித் தர்றியா? மூக்குன்னு ஊரே கூப்பிடுது என்னை. உன்னையா கூப்பிடுது?"

நான் ஓடவில்லை. படியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பால் அடிப்பிடிச்ச அன்னைக்கு நீங்க அடுப்புப் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

அவர் ஸ்பேனரைத் திட்டில் வைத்தார். டயர் கடையில் யாரோ டியூபைத் தண்ணீரில் முக்கி, காற்று போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"காபிப்பொடியை மாத்தினது உங்களுக்குத் தெரியலையாம்."

"மாத்திட்டாளா?" என்றார். பிறகு, "காய்ச்சல்லேர்ந்தே இல்ல. ஒண்ணுமே வரலை. சளி இறங்கினா வந்துடும், வந்துடும்னு இருந்தேன்" என்றார்.

நான் நின்றேன். அவர் குழியிலிருந்து ஏறி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிப்போட்ட ஜன்னல் கண்ணாடி மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்துத் துடைத்து, சுவரில் சரிவாக நிறுத்தினார். இடது கேனிலிருந்து ஒரு சொட்டு, வலது கேனிலிருந்து ஒரு சொட்டு, வடித்த தட்டிலிருந்து ஒரு சொட்டு, மூன்றையும் கண்ணாடியின் மேல் விளிம்பில் வரிசையாக விட்டார். மூன்றும் இறங்கத் தொடங்கின. ஒன்று வேகமாக ஓடி அடியைத் தொட்டது. மற்ற இரண்டும் அரைக் கண்ணாடிகூடத் தாண்டவில்லை. சேர்ந்தே மெதுவாக வந்தன. அதில் ஒன்று தட்டிலிருந்து விட்டது.

அவர் குந்தி உட்கார்ந்து அவை இரண்டும் அடிக்கு வரும்வரை பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார். "கிரவுன் ஆயில் கெட்டி. வழுக்கலும் ஜாஸ்தி. வளையம் பிடிக்கணும்னா அது வழுக்கிக்கிட்டே போகும். குளிர்ல கேக்கவே வேண்டாம். கண்ணாடியில விட்டுப் பாக்கத் தெரியாதவனா நான்? டிப்போவுல சின்னப் பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுப்பாங்க."

அன்று இரண்டு முறை ஆயில் மாற்றினார். முதலில் சரியான ஆயிலை ஊற்றி, நாலு தெரு ஓட்டி, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் கரைந்து வர அதையும் வடித்தார். மறுபடி புதிது ஊற்றினார். இரண்டு முறையும் ஊற்றுவதற்கு முன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் டீச்சரம்மா வரும்போது நான் மெஷினில் இருந்தேன். வளையத்தைச் சரிசெய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நம்பிவிடுவார். அத்தான் சாவியைக் கால்சட்டையில் துடைத்து அவரிடம் நீட்டினார்.

"இறக்கலையா மூக்கு?"

"இறக்க வேண்டியதில்ல டீச்சர். கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் ஆயிலை மாத்தி ஊத்திட்டேன்."

"நீயா?"

"நான்தான். எனக்கு நாலு மாசமா வாசனை தெரியலை."

டீச்சரம்மா சிரித்தார். அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அத்தான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அப்போ தேஞ்சுபோச்சுன்னு என் பிள்ளைங்க மேல பழியைப் போட்டியே?"

"போட்டேன்."

"வெளங்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பும்போது இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அத்தானும் நானும் கேட்டோம்.

சனிக்கிழமை ஆறு பேரில் நான்கு பேர் டெஸ்டில் தேறினார்கள். தேறாத இரண்டு பேரும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தவர்கள். அதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை. அத்தானுக்கு வாசனை தெரியாததை டீச்சரம்மா மறைத்துப் பேசவில்லை, ஊர் முழுக்கப் பரப்பவும் இல்லை. ஆனால் கேட்டவர்களிடம் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

"என்ன மூக்கு, இனிமே உன்னை என்னன்னு கூப்பிடுறது?" என்றார் டயர் கடைக்காரர்.

"வாயால கூப்பிடு. காது இன்னும் இருக்கு" என்றார் அத்தான்.

அந்த நான்கு மாதத்தில் ஆயில் மாற்றிய பதினொரு வண்டிக்காரர்களையும் அவர் போனில் அழைத்து, ஒருதரம் கொண்டுவந்து காட்டச் சொன்னார். எதற்கு என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பதிலும் சரியான ஆயில்தான் இருந்தது. அவர்களில் சிலர், "அப்போ ஏன் எங்களை அலைய விட்டீங்க?" என்று கோபித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வரவேயில்லை. அவர்களுடைய வண்டிகளில் என்ன இருந்தது என்று தெரியாது.

கேன்களுக்கு நான் ரெக்ஸினில் உறை தைத்தேன். கிரவுனுக்குச் சிவப்பு, கியருக்குக் கறுப்பு. அத்தான் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து இல்லையே, சரி" என்றார். அடிப்பக்கம் தையல் விட்டிருப்பதாகக் குறை சொன்னார். விட்டிருக்கவில்லை. இருந்தாலும் இன்னொரு வரி ஓட்டிக் கொடுத்தேன்.

அக்கா அவரை மருத்துவரிடம் அழைத்துப்போனாள். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். "வந்தா முதல்ல எதை மோந்து பாப்பீங்க?" என்று வரும் வழியில் அக்கா கேட்டாளாம். "உன் பழைய காபிப்பொடியை" என்றாராம். மறுநாளே அக்கா பழைய பொடிக்கு மாறினாள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது கியர் ஆயில் வேலை முன்பு வந்ததில் பாதிதான் வருகிறது. வேன்காரர்கள் இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கியர்பாக்ஸைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரை அழைத்துப்போவதும் நின்றுவிட்டது. டீச்சரம்மா வருகிறார், இந்த வருடமும் வந்தார். அத்தானுக்கு வாசனை திரும்பவில்லை. சில நாள் காலையில் பெட்ரோல் மட்டும் லேசாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது என்கிறார், உறுதியாகச் சொல்வதில்லை. ஆயிலைப் பற்றி யாராவது கேட்டால் கண்ணாடியில் விட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார். குளிர் நாளில் அதற்குக் கால் மணி நேரம்வரை ஆகிறது. பொறுமை இருக்கிறவர்கள் காத்திருக்கிறார்கள்.